உங்களுக்குத் தெரியுமா? குற்றப் பின்னணியை எங்கெல்லாம் தேடுகிறார்கள்

போடிநாயக்கனூர் அருகேயுள்ள சிலமலைக்காரர் ஒருவர் போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்கிறார். அவர் மீது வழக்கு உண்டா என்பதை ஒரே இடத்தில் பார்த்துவிட முடியாது.

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஆனால் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு என ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போடிநாயக்கனூரில் தேடினால், மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் வழக்கு கண்ணில் படாது. ஒரே பெயரில் பலர் வாழும் ஊரில், தகப்பனார் பெயரையும் முகவரியையும் ஒப்பிடாமல் ஒருவரைக் குற்றவாளி என்பது அநியாயம்.

தமிழ்நாடு காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் அலுவலகச் சான்று வேண்டும்.

கைரேகைத் தேடல் போலீஸ் வசம். 2022இல் தொடங்கிய தேசியக் கைரேகைத் தரவுத்தளமான 'நாஃபிஸ்', கைதாகும் ஒவ்வொருவருக்கும் 10 இலக்க எண் தருகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்.

ரேகை என்றாலே மலைக்கு இந்தப் பக்கத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. குற்றமே செய்யாதவர்களிடமும் பிறப்பைப் பார்த்து ரேகை வாங்கியது குற்றப் பரம்பரைச் சட்டம். அதை எதிர்த்து உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று திரண்ட பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.