முழுகாத மோட்டார் சைக்கிள்

வீட்டில் வரும்படி குறைந்துவிட்டால் நாம் முதலில் எதில் கை வைப்போம்? பாலில் வைக்க மாட்டோம். குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் வைக்க மாட்டோம். புதுப் புடவை, சினிமா, ஊர்ப் பிரயாணம், இவற்றைத்தான் "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவோம். ஒரு வீட்டில் இப்படிச் செய்தால் அது சிக்கனம். ஒரு தேசத்தில் உள்ள அத்தனை வீடுகளும் ஒரே சமயத்தில் இப்படிச் செய்தால், புடவை நெய்கிறவன் தறியை நிறுத்த வேண்டியதுதான். அவன் வீட்டிலும் வரும்படி குறையும். அவன் வீட்டு அம்மாளும் எதையோ தள்ளிப் போடுவாள். பொருளாதார மந்தம் என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் இப்படித் தள்ளிப் போடும் சாமான்களின் ஜாபிதாவில் முன்வரிசையில் நிற்பது மோட்டார் சைக்கிள். நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நம் ஊரில் மோட்டார் சைக்கிள் என்றால் அப்பா, அம்மா, பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, பக்கத்தில் தொங்கும் காய்கறிப் பை எல்லாம் சேர்ந்த குடும்ப வாகனம். அங்கேயோ 1925-லேயே போர்டு கம்பெனி தன் 'டி' மாடல் காரின் மலிவு ரகத்தை 260 டாலருக்கு விற்றது. 1930-ம் வருஷத்து ஹார்லி-டேவிட்ஸன் பெரிய மோட்டார் சைக்கிளின் விலையோ 340 டாலர்! குடும்பஸ்தன் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மோட்டார் சைக்கிளுக்கு மிஞ்சியவர்கள் போலீஸ்காரர்களும், பந்தயக்காரர்களும், இன்ஜின் சத்தத்தில் மயங்கிய இளவட்டங்களுந்தான்.

இப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு ஹார்லி-டேவிட்ஸன் கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல் எப்படித் தாக்குப் பிடித்தது என்பது சுவாரஸ்யமான கதை.

தேன் மாமாவும் ஜேனட் அத்தையும்

வருஷம் 1903. இடம், அமெரிக்காவில் பீருக்குப் பெயர் போன மில்வாக்கி நகரம். வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்ஸன் என்று இரண்டு சிநேகிதர்கள். இருவருக்கும் வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. டேவிட்ஸன் வீட்டுக் கொல்லையில், தச்சு வேலை தெரிந்த அப்பா கட்டிக் கொடுத்த கொட்டகை ஒன்று இருந்தது. நீளம் பதினைந்து அடி, அகலம் பத்து அடி. நம் வீட்டுச் சமையலறையை விடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதுதான் தொழிற்சாலை.

ஆர்தருக்கு வால்ட்டர் என்று ஓர் அண்ணன். ரெயில்வேயில் மெக்கானிக் வேலை. "நீ ஊருக்கு வந்தால் எங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி ஓட்டலாம்" என்று தம்பி கடிதம் எழுதினான். மூத்த அண்ணன் வில்லியத்தின் கலியாணத்துக்கு வந்த வால்ட்டர் ஆவலோடு கொட்டகைக்குள் நுழைந்தால், மோட்டார் சைக்கிள் பாகம் பாகமாகக் கிடக்கிறது! ஓட்ட வேண்டுமென்றால் முதலில் பூட்ட வேண்டும். அவர் உட்கார்ந்து பூட்டினார். பிற்பாடு ரெயில்வே வேலையையே விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். கம்பெனியின் முதல் தலைவர் அவர்தான். கலியாண மாப்பிள்ளையான வில்லியமும் பின்னால் சேர்ந்துகொண்டார்.

முதல் தொழிற்சாலைக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர். 'தேன் மாமா' என்றே அவருக்குப் பெயர். குடும்பத்தில் 'ஜேனட் அத்தை' என்று வழங்கப்பட்ட அம்மாள்தான் தூரிகையை எடுத்து டாங்கின் மேல் பெயரையும் மெல்லிய கோடுகளையும் வரைந்தாள். உலகம் பூராவும் பிரசித்தமான அந்தப் பெயரை முதன்முதலில் எழுதியது ஒரு பெண்ணின் கை என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

1920-க்குள் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி இதுதான் என்று ஆகிவிட்டது. 67 தேசங்களில் ஏஜெண்டுகள்!

பேரிடி

1929-ம் வருஷக் கோடையில், ஜார்ஜியாவைச் சேர்ந்த விவியன் பேல்ஸ் என்ற இருபது வயதுப் பெண், ஹார்லி வண்டி ஒன்றில் தன்னந்தனியாகக் கிளம்பினாள். மெலிந்த தேகம். 78 நாட்களில் சுமார் 5,000 மைல் சுற்றினாள். மில்வாக்கிக்கும் போனாள்; வால்ட்டர் டேவிட்ஸனே அவளை வரவேற்றார். கம்பெனியின் பத்திரிகை அட்டையில் அவள் படம் வந்தது. அந்த ஆண்டு கம்பெனி விற்ற வண்டிகள் ஏறக்குறைய 21,000. எல்லாம் அமோகமாக இருந்தது.

ஆகஸ்டில் புதிய பெரிய மாடல் ஒன்றை வெளியிட்டார்கள். கிளம்பும்போது பாய்ந்து கிளம்பிய அந்த வண்டி, வேகம் பிடித்ததும் நடுங்கிச் சக்தி இழந்தது. உள்ளே சுழலும் சக்கரத்தை வேண்டிய கனத்துக்குக் குறைவாகச் செய்துவிட்டார்கள்! விற்றுப் போன ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளையும் பிரித்து, உள்ளே உள்ளதை எல்லாம் மாற்றும்படி ஆயிற்று. சாமான்களைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. கழற்றி மாட்டிய கூலி ஏஜெண்டுகள் தலையில் விழுந்தது. இந்த அவமானம் தீருவதற்குள், அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது.

பிறகு நடந்ததைத் தெரிந்துகொள்ள ஓர் எண்ணே போதும். 1933-ல் கம்பெனி விற்ற வண்டிகள் 3,703. ஆறு வண்டி விற்ற இடத்தில் ஒன்று! அமெரிக்காவில் வேலைக்குத் தகுந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்த சமயம் அது. வெளிநாட்டில் விற்கலாம் என்றால் அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. 1930-ல் அமெரிக்க அரசாங்கம் இறக்குமதிகளின் மேல் கடுமையாக வரியை ஏற்ற, மற்ற தேசங்களும் பதிலுக்கு வரி போட்டன. அண்டை வீட்டார் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று நாம் பூட்டினால், அவர்கள் தங்கள் கிணற்றை மூடுகிறார்கள்!

சிக்காகோவில் எக்ஸெல்ஸியர் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்த இக்னாஸ் ஷ்வின் என்ற முதலாளி, 1931-ல் மோட்டார் சைக்கிள் தொழிலையே மூடிவிட்டுச் சைக்கிள் செய்யப் போய்விட்டார். விவேகி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் இருந்த தேசத்தில், சொல்லும்படியாக மிஞ்சியவை இரண்டே இரண்டு: ஹார்லி, இந்தியன். (இரண்டாவதற்குப் பெயர்தான் இந்தியன், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

மூன்று சக்கரமும் கழுகுப் படமும்

அரிசி இல்லாத நாளில் கையில் உள்ள குருணையை வைத்துக் கஞ்சி காய்ச்சுவது போல், கையில் உள்ள இன்ஜினை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று மில்வாக்கிக்காரர்கள் யோசித்தார்கள். மற்றத் தொழில்களுக்கு உதவும் இன்ஜின்களாக அவற்றைச் செய்து விற்றார்கள். 1932-ல் இன்னொரு யுக்தி பிறந்தது. பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வைத்த மூன்று சக்கர வண்டி, பெயர் 'ஸர்வி-கார்'. விலை 450 டாலர்.

அதன் உபயோகத்தைக் கேளுங்கள். ஒருவர் வீட்டில் கார் ரிப்பேராக நிற்கிறது. அதை எடுத்து வர ஒர்க்‌ஷாப்பிலிருந்து முன்பெல்லாம் இரண்டு ஆட்கள் போவார்கள். ஒருவன் காரை ஓட்டி வர, மற்றவன் வந்த வண்டியை ஓட்டி வர வேண்டுமே! ஸர்வி-காரில் ஒரே ஆள் போவான். தன் வண்டியைக் காரின் வாலில் மாட்டிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. ஓர் ஆள் சம்பளம் மிச்சம். பஞ்ச காலத்தில் இதைவிட நல்ல விளம்பரம் என்ன வேண்டும்? தெருவோரம் வெகு நேரம் நிற்கும் கார்களைக் கண்காணிக்கப் போலீஸாரும் இதை வாங்கினார்கள். மந்த காலத்து அவசரத்தில் பிறந்த இந்த வண்டி 1973 வரையில் உற்பத்தியில் இருந்தது!

1933-ல் இன்னொன்று செய்தார்கள். அதுவரையில் ஹார்லி வண்டி என்றால் பெரும்பாலும் மங்கலான ஆலிவ் பச்சைதான். அந்த வருஷம் டாங்கில் கழுகுப் படம் தீட்டி, பளிச்சென்ற வர்ணங்களில் கொண்டுவந்தார்கள். புதிய இன்ஜின் செய்யப் பணம் வேண்டும். பெயிண்ட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பழைய புடவைக்குப் புது பார்டர் தைத்து ஜோராக உடுத்தும் பெண்மணிகளுக்கு இந்த சூட்சுமம் புதிதல்ல.

ஜப்பானில் நடந்ததுதான் வேடிக்கை. ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு விழுந்ததால் அங்கே ஹார்லி வாங்குவார் இல்லை. ஆகவே வண்டி செய்யும் உரிமையையும் வரைபடங்களையும் ஜப்பானியருக்கே விற்றார்கள். அவர்கள் 'ரிக்குவோ', அதாவது 'நிலத்தின் அரசன்' என்று பெயர் சூட்டி ஹார்லியையே டோக்கியோவில் செய்ய ஆரம்பித்தார்கள். பசித்தவன் விதை நெல்லை விற்றது போல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு வந்த அந்தப் பணம் கம்பெனிக்கு வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் இன்ஜினீயர்கள் சும்மா இருக்கவில்லை. 1936-ல் முற்றிலும் புதிய இன்ஜின் வெளிவந்தது. அதன் மேல்மூடி மடக்கிய முஷ்டியின் முட்டிகளைப் போல் இருந்ததால் ரசிகர்கள் 'நக்கிள்ஹெட்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் எண்ணெய் ஒழுகத்தான் செய்தது. ஆனாலும் இன்றுவரை ஹார்லி வண்டிகளின் சாயல் அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் யுத்தம் வந்தது. ராணுவத்துக்கென்று சுமார் 90,000 வண்டிகள் செய்தார்கள். கஷ்டம் தீர்ந்தது. யுத்தத்தால் தீர்ந்தது என்று சொல்ல மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 31

1969-ல் ஏ.எம்.எப். என்ற பெரிய ஸ்தாபனம் ஹார்லியை வாங்கியது. வண்டிகளை வேகவேகமாகச் செய்து தள்ளினார்கள். தரம் போயிற்று. கடையில் நிற்கும் புது வண்டிக்கு அடியிலேயே ஒழுகும் எண்ணெய்க்காக அட்டை விரித்து வைக்கும்படி ஆயிற்று. ஜப்பானிய வண்டிகளோ மலிவாகவும், ஒழுகாமலும் வந்து இறங்கின.

1981-ல் கம்பெனியின் அதிகாரிகள் பதின்மூன்று பேர் துணிந்து, சுமார் எட்டு கோடி டாலர் கொடுத்துக் கம்பெனியைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வில்லி டேவிட்ஸன். அந்தக் கலியாண மாப்பிள்ளை வில்லியத்தின் பேரன். பணத்தில் பெரும்பகுதி பாங்குக் கடன். அந்த வருஷம் அமெரிக்க பாங்குகளின் வட்டி 20 சதவிகிதத்தைத் தொட்டது! கூடவே அடுத்த மந்தம். தொழிலாளர்களில் ஏறக்குறைய 40 சதவிகிதம் பேர் வேலை இழந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் உண்டு என்பதை எழுதித்தான் தெரிய வேண்டுமா?

1983-ல் ஜனாதிபதி ரீகன், இறக்குமதியாகும் 700 ஸி.ஸி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களின் வரியை 4.4 சதவிகிதத்திலிருந்து 49.4 சதவிகிதமாக ஏற்றினார். ஐந்து வருஷத்துக்கு, வருஷா வருஷம் குறையும் ஏற்பாடு. இதற்குள் ஹார்லி அதிகாரிகள், அமெரிக்காவிலேயே உள்ள ஹோண்டா தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கே பெரிய கம்ப்யூட்டர் மாயம் எதுவும் இல்லை. சாமான் அறைதான் காலியாக இருந்தது! நாம் வருஷத்துப் புளியை ஒரே தடவையில் வாங்கிப் பானையில் அடைத்து வைப்பது போல், ஹார்லியில் உதிரிப் பாகங்களை மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். பணம் அதில் முடங்கியது, சில துருப்பிடித்தன. ஜப்பானியரோ அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வரவழைத்தார்கள். ஹார்லியும் அப்படியே மாறியது. 1984 மாடலில் ஒழுகாத புது இன்ஜின் வந்தது.

வண்டி திருந்தியது, கடன்காரன் திருந்தவில்லை. 1985-ல் முக்கியமாகக் கடன் கொடுத்திருந்த பாங்கு, இனி முடியாது என்று கையை விரித்தது. வருஷக் கடைசிக்குள் வேறு கடன் கிடைக்காவிட்டால் திவால்தான். நிர்வாகிகள் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் ஹெல்லர் என்ற கடன் ஸ்தாபனத்தில், ஹார்லி வண்டியில் பிரியம் உள்ள அதிகாரி ஒருவர் அகப்பட்டார். டிசம்பர் 31-ந் தேதி, ஊரெல்லாம் புது வருஷத்தை வரவேற்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கெடுவுக்குச் சில மணி நேரம் இருக்கையில் பணம் கைமாறியது.

அடுத்த வருஷமே பங்குகளைப் பொதுஜனங்களுக்கு விற்றார்கள். 1987-ல் அவர்களே அரசாங்கத்திடம் போய், "அந்த விசேஷ வரி எங்களுக்கு இனி வேண்டாம்" என்று சொன்னார்கள். கெடு முடிய ஒரு வருஷம் இருந்தது! சலுகையைத் தானாகவே திருப்பிக் கொடுக்கும் வியாபாரியை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

2008-ல் அமெரிக்க பாங்குகள் ஆட்டம் கண்டபோது மறுபடியும் பழைய கதைதான். 2009 பிப்ரவரியில் 60 கோடி டாலரை 15 சதவிகித வட்டிக்கு வாங்கினார்கள். அதில் பாதியைக் கொடுத்தது பிரபல கோடீசுவரர் வாரன் பபெட்டின் கம்பெனி. துணைக் கம்பெனியான ப்யூயலின் வண்டிகளை அந்த வருஷமே நிறுத்தினார்கள். அடுத்து இந்தியாவுக்கும் வந்தார்கள். ஹரியானாவில் வண்டிகளைப் பூட்டினார்கள். வியாபாரம் போதவில்லை, 2020-ல் கடையைக் கட்டிக்கொண்டு, நம் நாட்டு ஹீரோ கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டில் 2023-ல் பிறந்தது 'எக்ஸ் 440' என்ற வண்டி. ராஜஸ்தானத்தில் நீம்ரானாவில் செய்கிறார்கள். 1903-ல் கொல்லைக் கொட்டகையில் செய்த முதல் வண்டியைப் போலவே இதற்கும் சிலிண்டர் ஒன்றுதான்.