மலையேறும் முன் வண்டியை யார் கண்ணில் விடுவது?

மதுரைச் சமவெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை உண்டு. ஒத்தக்கடையில் யானைமலை, மேற்கே நாகமலையும் கீழக்குயில்குடி சமணர் மலையும், வடக்கே அழகர்மலையும் சிறுமலையும், தென்மேற்கே வத்திராயிருப்பு தாண்டினால் சதுரகிரி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ஏறப் போகிறவர்கள் தண்ணீரை யோசிக்கிறார்கள், காலணியை யோசிக்கிறார்கள், வனத்துறை விடுமா விடாதா என்று விசாரிக்கிறார்கள். வண்டியை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே போனதும் கண் தேடுவது நிழலையும், காசு கேட்க ஆளில்லாத இடத்தையும்தான். ஒதுக்குப்புறமாக ஒரு புளியமரம் கிடைத்தால் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அடிவாரத்தில் இருப்பதிலேயே ஆபத்தான இடம் அந்தப் புளியமரத்தடி என்பேன். பூட்டைவிடவும் நிழலைவிடவும், கூலி வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதரின் கண்ணே வண்டிக்குக் காவல்.

காரணம் எளிது. கீழமாசி வீதியில் ஒரு பைக் நின்றால், அதன் சொந்தக்காரர் பக்கத்துக் கடையில் இருக்கிறாரா, அடுத்த நொடி வந்துவிடுவாரா என்று திருடனுக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையில் வண்டியை விட்டுவிட்டு, மேலே சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடப் போகிறவருக்கு ஏறவே நான்கு மணி நேரம் ஆகலாம், இறங்கிவர மாலையாகிவிடும். முதுகில் பையோடு அவர் மரங்களுக்குள் மறையும் வரை ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பகல் முழுவதும் அவனுடையது. பூட்டு செய்வதெல்லாம் திருடனின் நேரத்தைக் கூட்டுவது. ஆள் பார்க்கிற இடத்தில் அந்தக் கூடுதல் இரண்டு நிமிடம் அவனை விரட்டிவிடும். யாருமே இல்லாத ஓடைக்கரையில் அவனுக்கு இரண்டு மணி நேரம்கூட இருக்கிறது. காரில் அலாரம் இருக்கிறது, ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருக்கிறேன் என்பவர்கள் உண்டு. அலாரம் கத்தினால் கேட்க ஒரு காது வேண்டும். ஜிபிஎஸ் செய்தி அனுப்பினாலும், மலை மடிப்புக்குள் நுழைந்தபின் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னலே கிடைக்காது.

திருட்டு ஒன்றுதான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். அழகர்கோவில் பக்கம் வண்டி நிறுத்தியவர்களுக்குக் குரங்குகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பைக்கின் டேங்க் கவரில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தால் கவரைக் கிழிக்கும். கிடைக்காவிட்டால் சீட்டைப் பிராண்டும், வைப்பர் ரப்பரை உருவும். இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் சாப்பாட்டு வாசனைக்குக் கரடிகள் கார்க் கதவையே பெயர்க்கும் என்பதால், காருக்குள் இரவில் உணவு வைக்கவே கூடாதென்பது விதி. அதே நாட்டின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் மார்மட் என்ற கொறிவிலங்கு ரேடியேட்டர் குழாயைக் கடித்துவிடுகிறது. அங்கே மலையேறுகிறவர்கள் காரைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். பங்குனி, சித்திரையில் நமக்கு இன்னொன்று: காய்ந்த புல். நீண்ட தூரம் ஓடிவந்த வண்டியின் சைலன்ஸர் சூடு, அடியில் உரசும் சருகைப் பற்றவைக்கப் போதும். ஒரு வண்டியில் பிடித்த தீ அதோடு நிற்காது, மலைக்கும் ஏறும். அடுத்தது தண்ணீர். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் வந்த அப்படியொரு திடீர் வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோனது. மனிதரையே இழுத்துப்போகும் ஓடையில், மணல் மெத்தென்று இருக்கிறது என்பதற்காக வண்டியை இறக்கி நிறுத்துகிறோம். உள்ளூர்க்காரர் ஒருவர் காவலுக்கு இருந்தால் இவற்றில் எதையும் அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கரை மூழ்கும், எந்த மரத்துக்குக் குரங்கு வரும் என்று அவருக்கே தெரியும்.

'இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்பது அடிக்கடி வரும் பதில். அந்த நம்பிக்கையில் பெரிய ஓட்டை இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல், புது இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கும் காருக்கு மூன்று ஆண்டுக்கும் தேர்ட் பார்ட்டி காப்பீடு எடுத்தாக வேண்டும். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான் அது. நம் வண்டி திருடுபோனால் பணம் தருவது 'ஓன் டேமேஜ்' பகுதி. அதைப் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் கட்டுகிறோம். ஐந்து வருட பாலிசி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டாம் ஆண்டு அதைப் புதுப்பிக்காமல் விட்டவருக்கு, வண்டி போனால் ஒரு ரூபாய்கூட வராது. புதுப்பித்தவருக்கும் கேள்விகள் காத்திருக்கும். இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். மலையில் தொலைந்துவிடுமோ என்று சாவியைச் சக்கரத்தின் மேலோ கல்லுக்கடியிலோ ஒளித்துவைத்துவிட்டு ஏறும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஒளிவிடங்கள் திருடனுக்கும் தெரியும் என்பது ஒருபுறம். கவனக்குறைவு என்று காப்பீட்டு நிறுவனம் வழக்காடவும் அது இடம் கொடுக்கும். சாவியை வண்டியிலேயே விட்டிறங்கி லாரியைப் பறிகொடுத்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல்தான் இழப்பீடு கிடைத்தது. அதுவும் 75 சதவீதம்.

இதைவிட நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. காசு வாங்குகிற இடத்திலேயே 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு தொங்குகிறது. பொறுப்பேற்காதவனுக்கு ஏன் காசு? அந்த போர்டு நினைக்கிற அளவுக்குச் சட்டம் அதை மதிப்பதில்லை. 1998-ல் டெல்லி ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடுபோனது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தும், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது, தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதை ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. அடுத்தவர் பொருளைப் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவர், சாதாரண அறிவுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஓட்டல் வழக்கில் சாவி கைமாறியிருந்தது. சாவி நம் சட்டைப்பையில் இருக்கும் அடிவார ஸ்டாண்டுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும், காசு வாங்கிச் செய்யும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்குக் கையில் ஒரு சீட்டு வேண்டும். புளியமரத்தடி சீட்டு தராது.

கட்டாய வசூல் என்ற கோபத்தையும் தள்ளிவிட முடியாது. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டி, ரசீது இல்லாமல், வாய்க்கு வந்த தொகையைக் கேட்பது காவல் அல்ல. அதற்கு மருந்து முறையான ஸ்டாண்ட். மதுரை ரயில் நிலையத்திலும் மாட்டுத்தாவணியிலும் நமக்குப் பழகிய முறைதான்: எண் போட்ட சீட்டில் ஒரு பாதி ஹேண்டில்பார் கேபிளுக்குள் செருகப்படும், மறு பாதி நம் கைக்கு வரும், இரண்டும் பொருந்தினால்தான் வண்டி வெளியே போகும். இதை அடிவாரக் கிராமங்களில் நடத்தப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். பொது வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வாங்கும் அதிகாரம் 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டணத்தை எழுதிய பலகை, புல் செதுக்கிய மேட்டு நிலம், ஓடையிலிருந்து தள்ளிய இடம், டோக்கன் கிழித்துக் கொடுக்க ஊர்க்காரர் இருவர் என்று தொடங்கினால் வருமானம் ஊருக்கே நிற்கும். மலையேறும் கூட்டத்தால் கிராமத்துக்குக் குப்பை மட்டுமே மிச்சம் என்ற மனக்கசப்பும் கொஞ்சம் குறையும்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. விலையுள்ள பொருளை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். அப்படியும் ஏதாவது இருந்தால், கடைசி டீக்கடைக்கு முன்பே டிக்கியில் போட்டு மூடிவிட வேண்டும். அடிவாரத்தில் எல்லோர் முன்னும் டிக்கியைத் திறந்து லேப்டாப் பையை உள்ளே தள்ளுவது, பொருள் இங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம். ஆர்.சி. புத்தகத்தை வண்டியில் வைக்க அவசியமே இல்லை. 2018 முதல் டிஜிலாக்கரில் காட்டும் மின்னணு ஆவணமே சட்டப்படி செல்லும். வண்டி போய்விட்டால் அன்றே காவல்நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குவது முக்கியம். உடனே எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்குகிறவர்கள், அந்த நேரத்தில் ஸ்டாண்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கலாம். யாரும் இருக்க மாட்டார்கள் என்றால் வண்டியை அடிவாரம் வரை கொண்டுபோகவே வேண்டாம். முந்தின ஊரில் தெரிந்த வீட்டுத் திண்ணையோரம் சொல்லிவிட்டு நிறுத்தி, மிச்சத் தூரத்தை ஆட்டோவில் போகலாம். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமியில் தாணிப்பாறை வரை சிறப்புப் பேருந்தே விடுகிறார்கள்.