வரம்பு கடந்த செலவு

பழைய தணிக்கை அறிக்கைகளைப் புரட்டும் அங்கத்தினர்கள் 'எக்ஸ்டிராவகன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கண்டிருத்தல் கூடும். நெசவாளர் சங்கமொன்றில், கட்டடத் திறப்பு விழாவின் பந்தலுக்கும் விருந்துக்கும் ஆன செலவைக் குறித்து இச்சொல் எழுதப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அதற்குக் 'கையாடல்' என்று பொருள் சொல்லிவிட்டார். நாணயத்திற்குப் பெயர்போன தலைவர் பதவி விலகவும் துணிந்துவிட்டார். நாம் சென்று விளக்க வேண்டியதாயிற்று.

கையாடலில் பொதுப்பணம் ஒருவர் மடிக்குள் போகிறது. இங்கோ ரசீது உண்டு. குழுவின் தீர்மானமும் உண்டு. செலவுதான் சங்கத்தின் சக்திக்கு மீறியது. முன்னது குற்றம், பின்னது விவேகக் குறைவு.

இச்சொல் இலத்தீன் வழி வந்தது. 'எக்ஸ்டிரா' என்பது வெளியே. 'வகாரி' என்பது அலைதல். எல்லைக்கு வெளியே அலைதல் என்பதே அதன் முதற்பொருள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், தன் இடம் விட்டு இரவில் அலையும் ஆவியைக் குறிக்க இதன் அடைமொழி வடிவம் வருகின்றது. அங்குப் பணத்தின் பேச்சே இல்லை. செலவைக் குறித்தது பிற்காலத்து வழக்கு. மட்டுமீறிய புகழுரையையும் இன்றளவும் இச்சொல்லால் சுட்டுவர்.

உழவருக்கு இதனை விளக்குதல் எளிது. வயலுக்கு வரம்பு இருப்பதுபோல் செலவுக்கும் வரம்பு உண்டு. அதனைக் கடத்தலே இச்சொல்லின் பொருள். தொகையின் பெருமை சிறுமை அன்று. விலை மிகுந்த பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் 'எக்ஸ்பென்சிவ்' என்னும் வேறு சொல் உண்டு. பட்டுச் சேலைக்கு அசல் சரிகை வாங்குதல் விலை மிகுந்த செலவு. சேலை விற்றால் அது திரும்பி வரும். நூலுக்கென்று பெற்ற கடனைக் காதுகுத்து விருந்தில் கரைத்தலோ, தொகை சிறிதாயினும் வரம்பு மீறியதே.

இதன் மறுதலையான 'திரிஃப்ட்' என்னும் சொல்லையும் அறிதல் நன்று. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் உழவர், கைவினைஞர், குறைந்த வருவாயினர் ஆகியோரிடையே அதனை வளர்ப்பதை நோக்கங்களுள் ஒன்றாகக் கூறிற்று. நாம் அதனைச் சிக்கனம் என்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அது செழித்தலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. கஞ்சத்தனத்திற்கும் அதற்கும் வெகுதூரம்.

'வரம்பு மீறிய செலவு' என்ற தணிக்கைக் குறிப்புக்கு விடை எழுதும் நிர்வாகிகள் ரசீதுகளை மட்டும் காட்டினால் போதாது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, மிகுதிக்குப் பொதுக்குழு இசைவு தந்தது எந்நாள் என்பவற்றையும் குறிப்பிடுதல் வேண்டும்.