ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே

மாதவரத்தில் ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு முன்னே ஒரு காரியம் ஓசையின்றி நடந்தேறுகிறது. ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் முடித்த பிள்ளைகளின் கையில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. உபாத்தியாயர் ஆசி கூறி அனுப்புகிறார். ஜூன் மாதத்தில் வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆரம்பமாகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அப்பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பழைய பள்ளியின் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிட்டது. புதிய பள்ளியின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. கல்வி இலாகாவின் ‘எமிஸ்’ என்னும் கணினிப் பதிவேட்டிலோ, ‘பொதுத் தொகுப்பு’ என்ற இடத்தில் அப்பெயர் காத்து நிற்கிறது. பெயர் காத்து நிற்கும். பிள்ளை காத்து நிற்குமா என்பதே நமது கேள்வி.

பத்து வயதில் கோடு கிழிப்பது நம் தேசத்தில் பழைய வழக்கம். 1911-ம் வருஷத்தில் கோகலே அவர்கள் சட்டசபையில் கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதாவும் ஆறு முதல் பத்து வயது வரையிலுள்ள சிறுவர்களையே கருதியது. அந்த அற்பக் கோரிக்கையைக்கூட அன்றைய அந்நிய ஆட்சி பொறுக்கவில்லை. மறுவருஷம் 13 பேர் ஆதரிக்க, 38 பேர் எதிர்த்து மசோதாவை வீழ்த்தினார்கள். 1937-ல் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் கூடிய கல்வி மகாநாடு, இலவசக் கட்டாயக் கல்வி ஏழு வருஷங்களுக்கு இருக்க வேண்டுமென்று தீர்மானித்தது. சுதந்திர பாரதத்தின் அரசியல் சாசனம் 45-வது ஷரத்தில் 14 வயது என்று எல்லையை உயர்த்தி, பத்து வருஷங்களுக்குள் அதை நிறைவேற்ற முயலும்படி சர்க்காருக்குக் கட்டளையிட்டது. பத்து வருஷம் ஐம்பது வருஷமாயிற்று. 2002-ல் செய்த 86-வது திருத்தத்தினால்தான் கல்வி அடிப்படை உரிமையாகச் சாசனத்தில் ஏறியது. அதையொட்டி எழுந்த 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது.

இச்சட்டத்தில் நமது வாசகர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. கோகலேயின் மசோதாவில் கட்டாயம் என்பது பெற்றோரைக் கட்டுப்படுத்திற்று. 2009-ம் வருஷத்துச் சட்டத்தின் 8-வது பிரிவோ, கட்டாயம் என்றால் சர்க்காரின் கடமை என்று பொருள் கூறுகிறது. பிள்ளையைச் சேர்ப்பதும், தவறாமல் வரச் செய்வதும், படிப்பை முடிக்கச் செய்வதும் அக்கடமையில் அடங்கும். 9-வது பிரிவு ஸ்தல ஸ்தாபனத்தையும் அவ்வாறே பிணைத்து, தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையிலான குழந்தைகளின் ஜாபிதாவை வைத்திருக்கும்படி விதிக்கிறது. மாதவரம் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே ஐந்தாம் வகுப்பை முடித்த மாதவரத்துப் பிள்ளையொன்று ஆறாம் வகுப்பில் காணப்படாவிட்டால், விளக்கம் கூற வேண்டியவர் கூலி வேலைக்குப் போயிருக்கும் தகப்பனாரல்ல, மாநகராட்சியும் சர்க்காருமே.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போவது ஒரு படி ஏறுவதுதானே என்று சிலர் நினைக்கலாம். நம் பாட்டனார்கள் ‘முதல் பாரம்’ என்று அழைத்த இவ்வகுப்பில் பிள்ளையின் உலகமே மாறிவிடுகிறது. ஐந்து வருஷமாக ஒரே உபாத்தியாயரின் முகம் பார்த்துப் படித்த குழந்தைக்கு, மணியடிக்க மணியடிக்கப் புதுப்புது முகங்கள் வருகின்றன. சட்டத்தின் அட்டவணைப்படி வருஷத்துக்கு 200 நாள், 800 மணி நேரமாக இருந்த படிப்பு, 220 நாளும் 1,000 மணி நேரமும் ஆகிறது. மத்திய சர்க்காரின் மாதிரி விதிகளில் ஒரு கிலோமீட்டராக இருந்த நடைதூரம் மூன்றாகிறது.

மாதவரத்தில் மூன்று கிலோமீட்டர் என்பது என்ன? ஜி.என்.டி. சாலையும் உள்வட்டச் சாலையும் மணலி செல்லும் பாதையும் சரக்கு லாரிகளின் ராஜபாட்டைகள். கிடங்குகளுக்கும் துறைமுகத்துக்கும் ஓடும் அவ்வண்டிகளுக்கிடையே பதினொரு வயதுச் சிறுமி எப்படித் தனியே கடந்து செல்வாள்? தாய் அஞ்சுகிறாள். வீட்டில் கைக்குழந்தை ஒன்றிருந்தால், “நீ பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள். சிறுமியின் படிப்பு அன்றோடு முடிகிறது. வழியில் அபாயம் உள்ள இடங்களில் தூர எல்லையைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டுமென்று அதே விதிகள் கூறுகின்றன. லாரி ஓடும் சாலை அபாயமன்று என்று வாதிக்க எந்த வக்கீல் முன்வருவார்?

பசியின் விஷயமும் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மெச்சத்தக்கதே. ஆயினும் அது ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டது. பசிக்கு ஐந்தாம் வகுப்பென்றும் ஆறாம் வகுப்பென்றும் பேதம் தெரியாது. பழைய பத்து வயதுக் கோட்டைச் சாசனம் அழித்தபின், சோற்றுத் தட்டின்மேல் அதை மீண்டும் கிழிப்பது நியாயமன்று.

ஐந்தாம் வகுப்பிலேயே பரீட்சை வைத்துத் தேறாதவரை நிறுத்திவைப்பதே வழி என்று கூறுவோரும் உளர். 2019-ல் செய்த சட்டத் திருத்தம் அதற்கு இடமளித்தது. தமிழ்நாட்டிலும் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு அறிவிக்கப்பட்டு, ஜனங்களின் எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆற்றைக் கடக்க அஞ்சும் குழந்தைக்கு வேண்டியது தோணி, சுங்கச்சாவடியல்ல.

செய்ய வேண்டியவை எளியவை; பெரும் பொக்கிஷம் வேண்டியதில்லை. ஏப்ரல் மாதத்திலேயே ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோருடன் புதிய பள்ளிக்கு ஒருநாள் அழைத்துச் சென்று வகுப்பறையையும் ஆசிரியர்களையும் காட்டட்டும். சான்றிதழ்களைத் தனித்தனியே வீட்டுக்கு அனுப்புவதோடு நில்லாமல், பெயர்ப் பட்டியலைப் புதிய பள்ளியினிடம் நேரே ஒப்படைக்கட்டும். எந்தப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் வரவில்லை, எதற்குக் கண் பார்வை குறைவு என்ற குறிப்பும் உடன் செல்லட்டும். பள்ளி திறந்த பத்தாம் நாள் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களைத் தேடி வீட்டுக்குப் போகட்டும். சான்றிதழ் தாமதமென்று சேர்க்கையை மறுக்க 5-வது பிரிவு இடந்தரவில்லை. ஒரு வருஷம் வீட்டில் தங்கிவிட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து விசேஷப் பயிற்சி தரும்படி 4-வது பிரிவு கூறுகிறது.

அரசியல் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை வீதிவீதியாய்ச் சரிபார்க்கிறீர்கள். இறந்தவர் எவர், குடிபெயர்ந்தவர் எவர் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்தத் திறமையில் பத்திலொரு பங்கை ஜூன் மாதத்தில் இப்பிள்ளைகளுக்காகச் செலவிடுங்கள். உங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பை முடித்தவர் எத்தனை பேர், ஆறில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கணக்குக் குறைந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் மாநகராட்சி உறுப்பினரிடமும் ஏனென்று கேளுங்கள். கோகலே 13 வாக்குகளுடன் தோற்ற காரியத்தைச் சட்டம் இன்று நமக்கு வென்று தந்திருக்கிறது. அவ்வெற்றியை மாதவரத்தின் ஒரு சாலையோரத்தில் நாம் இழந்துவிடலாகாது.