கார் பந்தயமும் கைபேசிக் கூட்டமும்



மளிகைக் கடைக்காரருக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பார்முலா-1 பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பேரனை அசைக்க முடியாது. பந்தயம் முடிந்த பிறகும் சமூக வலைதளங்களில் அதைப் பற்றிய சண்டை நள்ளிரவு வரை நடக்கும். அவனிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் நம் தொழிலுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதுகிறேன்.

இந்தப் பந்தயத்தைப் பல்லாண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்னி எக்கிள்ஸ்டன். பழைய கார், மோட்டார் சைக்கிள் வாங்கி விற்று மேலே வந்த வியாபாரி. பந்தயத்தைக் காட்டும் உரிமையைத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு விற்பதில்தான் பெரிய வருமானம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர். ஆகவே, பந்தயத் திடலுக்குள் எடுத்த சிறு வீடியோவைக்கூட ஓட்டுநர்களும் அணிகளும் வலைதளத்தில் போட விடமாட்டார். காசு கொடுத்து வாங்கியவன் இருக்கும்போது இலவசமாக ஏன் காட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. 2014இல், 84 வயதில், கொடுத்த பேட்டியில், இளைஞர்களைப் பிடித்து ஆகப் போவது என்ன, அவர்களால் ரோலெக்ஸ் கடிகாரம் வாங்க முடியுமா, பணமுள்ள 70 வயதுக்காரர்தான் எனக்கு வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

அன்றைய கல்லாவுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் இன்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வரும் பிள்ளைதான் நாளை பட்டியலோடு வரும் வாடிக்கையாளர் என்பது நமக்குத் தெரியும். வெல்லத்தில் ஒரு துண்டு கிள்ளிக் கொடுக்காமல் மூட்டை விற்றவர் நம்மில் யார்?

2017 ஜனவரியில் அமெரிக்காவின் லிபர்ட்டி மீடியா நிறுவனம் பார்முலா-1 தொழிலை வாங்கி முடித்தது. எக்கிள்ஸ்டன் தலைமைப் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். புதியவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அந்தத் தடையைத் தளர்த்தியது. அந்த ஆண்டே அணிகளும் ஓட்டுநர்களும் சிறு வீடியோக்கள் போடத் தொடங்கினார்கள். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடர் வந்தது. 2020இல் கொரோனாவால் பந்தயங்கள் நின்றபோது, லாண்டோ நோரிஸ் போன்ற இளம் ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தே கணினியில் பந்தயம் ஓட்டி நேரலையாகக் காட்டினார்கள். கடை திறக்க முடியாத நாளிலும் வாடிக்கை விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்ட கதைதான். இளைஞர்களும் பெண்களும் பெருமளவில் ரசிகர்களானார்கள். 2012 முதல் ஆஸ்டினில் மட்டும் பந்தயம் நடந்துவந்த அமெரிக்காவில், 2022இல் மயாமியும் 2023இல் லாஸ் வேகாஸும் சேர்ந்து மூன்றாயின.

இது முதல் பாடம். இரண்டாவது கசப்பானது.

முன்பு ரசிகருக்கு ஓட்டுநரின் தலைக்கவசம்தான் தெரியும். இப்போது அவர் வீடு, சமையல், சிரிப்பு, அழுகை எல்லாம் தெரியும். அதனால் பந்தயத்தை விட ஆள் மேல் பற்று அதிகமாகிறது. தன் ஆள் தோற்றால் பழிபோட ஓர் ஆள் தேவைப்படுகிறது. கோபமான பேச்சுக்குப் பதில் அதிகம் வரும். பதில் அதிகம் வருவதை வலைதளம் இன்னும் பலருக்குக் காட்டும். தீ பரவுவது இப்படித்தான்.

2021 டிசம்பர் 12 அன்று அபுதாபியில் அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். லூயிஸ் ஹாமில்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சில சுற்றுகளே மிச்சம் இருந்தபோது, பின்னால் வந்த கனடாக்காரர் நிக்கோலஸ் லத்தீஃபியின் கார் சுவரில் மோதியது. (இவர் தந்தை உணவுப் பொருள் தொழில் நடத்துபவர், ஒருவகையில் நம் இனம்.) பாதுகாப்புக் கார் வந்தது, அந்த இடைவெளியில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் புது டயர் மாட்டிக்கொண்டார், கடைசிச் சுற்றில் முந்திச் சாம்பியன் ஆனார். பந்தயத்தை மறுபடி தொடங்கிய விதம் பற்றி விசாரணையே நடந்தது. ஆனால் வசையும் கொலை மிரட்டலும் வந்தது லத்தீஃபிக்கு. அவர் செய்தது எந்த ஓட்டுநருக்கும் நேரக்கூடிய ஒரு பிழை.

2025 நவம்பர் 30, கத்தார் பந்தயம். 19 வயது கிமி அன்டோனெல்லி கடைசி நேரத்தில் கட்டுப்பாடு தவறியதால் லாண்டோ நோரிஸ் அவரை முந்தினார். வேண்டுமென்றே வழி விட்டார் என்ற பொருளில் ரெட்புல் அணியைச் சேர்ந்தவர்கள் வாய்விட்டார்கள். அவ்வளவுதான், அந்தப் பையனுக்கு மிரட்டல்கள் குவிந்தன. அப்படிச் சொன்னது தவறு என்று மறுநாள் அணி வருத்தம் தெரிவித்தது. அதற்குள் சொல் ஊர் சுற்றிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. காரணம் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சில்லறைக் கடைக்காரரின் செக் திரும்பி வந்தது. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமல், மண்டி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், “அவருக்குச் சரக்குப் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி போட்டேன். மாலைக்குள் அது, “கடையை மூடிவிட்டு ஓடப் போகிறார்” என்று ஆகிவிட்டது. மறுநாள் காலை பாக்கிக்காரர்கள் எல்லோரும் அவர் கடை வாசலில். விசாரித்தால், கையெழுத்து மாறியிருந்ததால் வங்கி செக்கைத் திருப்பியிருக்கிறது. கணக்கில் பணம் இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். குழுவிலும் மறுப்புப் போட்டேன். வதந்தி போன இடத்துக்கெல்லாம் மறுப்பு போகவில்லை. என் பாக்கியை அன்றே பைசா சுத்தமாகத் தீர்த்தார். 18 ஆண்டு வாடிக்கை அத்துடன் முடிந்தது.

ஆகவே, கைபேசியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். புது அரிசி வந்ததையும் இன்றைய பருப்பு விலையையும் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். இளையவர்களைக் கடைப் பக்கம் இழுங்கள். எக்கிள்ஸ்டன் செய்த தவறு நமக்கு வேண்டாம். ஆனால் ஒருவரின் நாணயத்தைப் பற்றி எழுதும் முன் அவரை நேரில் கேளுங்கள். குழு நடத்துபவர், உறுதியில்லாத செய்தி வந்தால் உடனே நீக்கட்டும். எடை குறைந்தால் மறுபடி நிறுத்துப் போடலாம். வாய்விட்ட சொல்லுக்கு அந்த வசதி இல்லை.