பெங்களூரில் தமிழ்ப் பாட்டு: மேடையும் திரையும் தனிக்குரலும்

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்துச் சொல்வது நம் வழக்கம். இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆண்டு விழா கிடையாது. ஆனால் நடைமுறையில், சென்ற தொண்ணூறு ஆண்டுகளாகச் சராசரித் தமிழனுக்கு இம்மூன்றும் ஒரே கடையில்தான் கிடைத்து வந்திருக்கின்றன. அந்தக் கடையின் பெயர் சினிமா. ஒரு பாட்டைப் பாடிக்காட்டி "இது யார் பாட்டு?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்ன படத்துப் பாட்டு" என்றுதான் பதில் வரும். எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் எல்லாம் அப்புறம்தான்.

பெங்களூரில் வளர்ந்த எனக்கு இந்தப் பழக்கம் அவ்வளவு சுலபமாக ஒட்டவில்லை. காரணம், எங்கள் ஊரில் தமிழ்ப்படம் அவ்வப்போது நின்றுபோகும், பாட்டு நின்றதில்லை. படம் வேறு, பாட்டு வேறு என்பதை இந்த ஊர் எனக்குக் கட்டாயப் பாடமாகவே நடத்தியது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பழைய கதை. பேசும்படம் என்று நாம் சொன்னாலும் ஆரம்பத்தில் அது பாடும்படம்தான். மேடையில் விடிய விடிய நடந்த சங்கீத நாடகத்தைத் தூக்கிக் காமிராவுக்கு முன்னால் வைத்தார்கள், அவ்வளவுதான். 1931 இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பேசினார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டு கேட்கத்தானே வந்தார்கள்! 1934 இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாட்டு. அதே 1934 இல் முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' நம் சிட்டி மார்க்கெட்டுப் பக்கத்து தியேட்டரில் வெளியானது. அதை இயக்கிய ஒய்.வி. ராவ்தான் மூன்று ஆண்டு கழித்து, 1937 இல், தமிழில் 'சிந்தாமணி' எடுத்தார். தியாகராஜ பாகவதரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த படம் அது. அதில் சிந்தாமணியாக நடித்துப் பாடிய கே. அசுவத்தம்மா கன்னடத்துப் பெண்மணி. அதற்கு முன்னால் கன்னடத்தில் 'சதாரமே' படத்தில் நடித்தவர். குப்பி வீரண்ணா கம்பெனியின் புகழ்பெற்ற நாடகம் அது. அதே கதை தமிழ் மேடையில் 'சதாரம்' என்று ஓடியது.

அந்தக் காலத்தில் நடிக்கிறவரே பாட வேண்டும், அதுவும் படம் பிடிக்கிற இடத்திலேயே. ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிராவில் விழாமல் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆகவே குரல்வளம்தான் முதல் தகுதி. தாய்மொழி எது என்பது இரண்டாம் பட்சம். இன்றைக்கு நாம் படுகிற பாட்டை நினைத்தால் அது ஒரு பெருந்தன்மையான காலமாகத்தான் தோன்றுகிறது.

1938 இல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி.எம். செட்டியார் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இது ஏதோ தொழில்நுட்பச் சமாசாரம் என்று நாம் விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் தமிழ்ப் பாட்டின் சரித்திரத்தில் இதுதான் பெரிய திருப்பம். கல்லூரி நாட்களில் எம்.ஜி. ரோட்டுத் தியேட்டர் ஒன்றில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்தேன். 1965 இல் வந்த படம், நான் பார்த்தது மறுவெளியீட்டில். ஜூலி ஆண்ட்ரூஸ் தானே பாடுகிறார். பாட்டை எடுத்துவிட்டால் அந்தக் கதை நகராது. அதுதான் இசை நாடகம். நம் படத்தில் பாட்டை வெட்டிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கதைக்கு ஒரு சேதமும் இல்லை. தியேட்டர்காரர்கள் நேரமானால் நிஜமாகவே வெட்டியிருக்கிறார்கள்! இதை நம் படங்களின் குறையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்திலிருந்து குரல் பிரிந்ததும் பாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. கதையை விட்டு, படத்தை விட்டு, ஏன், மொழியை விட்டே அது நடக்க ஆரம்பித்தது.

அப்படி நடந்ததற்கு நம் ஊரே சாட்சி. பி.பி. ஸ்ரீநிவாஸ் தமிழில் ஜெமினி கணேசனின் குரல். கன்னடத்தில் ராஜ்குமாரின் குரல். 1974 இல் 'சம்பத்திகே சவால்' படத்துக்குப் பிறகு ராஜ்குமார் தொடர்ந்து தானே பாடத் தொடங்கினார். அதற்கு இசை ஜி.கே. வெங்கடேஷ். அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் இளையராஜா. பிறகு 1981 இல் சங்கர் நாக் எடுத்த 'கீதா'வுக்கு இளையராஜா போட்ட ஒரு டூயட் மெட்டு, 1984 இல் 'நூறாவது நா'ளில் தமிழ் பேசியது. 2007 இல் 'சீனி கம்' படத்தில் இந்தி பேசியது. பிறந்த வீடு கன்னடம் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி, படம் நின்ற கதை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும் இங்கே நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. இந்த மலரைப் படிக்கும் பலர் அந்த வாரத்தை வாழ்ந்தவர்கள். 2000 ஜூலை 30 இல் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். நவம்பர் 15 வரை 108 நாள். அந்த நாட்களில் தமிழ்ப் படங்கள் தியேட்டரை விட்டுப் போயின. லாவண்யா, நாகா என்று எங்களுக்குப் பழகிய தியேட்டர்களில் தமிழ் போஸ்டர் இல்லாத சுவரைப் பார்ப்பது ஒரு மாதிரி வயிற்றைக் கலக்கும். 2004 இல் பிறமொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்துத்தான் இங்கே வரலாம் என்று கன்னடத் திரையுலகம் ஒரு கட்டுப்பாடு போட்டது. 2018 இல் 'காலா'வுக்குச் சிக்கல். 2025 இல் 'தக் லைஃப்' மற்ற இடங்களில் வெளியான நாளில் இங்கே வரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கன்னடத் திரையுலகின் அச்சத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சொந்தத் தலைநகரிலேயே நாலு மொழிப் படங்களோடு போட்டி போடுகிற சின்னச் சந்தை அது. ஆனால் அடி விழுவது என்னவோ டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற சாதாரணத் தமிழன் மேல்தான்.

அந்த 108 நாளில் நடந்த ஒரு சம்பவம். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பிரேசர் டவுனில். அத்தான் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர். அவர் குழுவையே வரவேற்புக்குச் சொல்லியிருந்தோம். மண்டபத்துக்காரர் வந்து, "தமிழ்ப் பாட்டு வேணாம் சார், வெளியே கேட்கும்" என்றார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. அத்தான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு 'கீதா' பாட்டை எடுத்தார். மேடையில் கன்னட வரிகள். கீழே நாற்காலிகளில் எங்கள் அத்தைமார் வாய்க்குள்ளேயே தமிழ் வரிகள். வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எந்த மொழியில் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

தனிக்குரல்களுக்கு வருகிறேன். சினிமாவை நம்பாமல் தாமே எழுதி, இசையமைத்து, மேடையேற்றும் கலைஞர்களைச் சுயாதீனக் கலைஞர்கள் என்கிறார்கள். இந்தியாவில் இவர்கள் வேர்பிடித்த ஊர்களில் பெங்களூர் முக்கியமானது. கோடம்பாக்கம் போல ஒரு ராட்சச ஆலமரம் இங்கே இல்லை. அதனால் சின்னச் செடிக்கும் வெயில் கிடைத்தது. கல்லூரி விழாக்கள் இருந்தன, கண்டோன்மென்ட்டின் ஆங்கிலப் பாட்டுப் பழக்கம் இருந்தது, பகலில் சோறு போடக் கணினிக் கம்பெனிகள் இருந்தன. 1996 இல் தொடங்கிய 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற குழுவுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு வேடிக்கை: ஆரம்பத்தில் இருந்தவர்களில் மூன்று பேர் முழு மலையாளி, ஒருவர் கால் மலையாளி! 2008 இல் ரகு தீட்சித்தின் முதல் ஆல்பம் வந்தது.

'ஸ்வராத்மா' குழுவின் முதல் ஆல்பத்தில் காவிரி ஆறே தன் குறையைச் சொல்வதுபோல ஒரு பாட்டு உண்டு. 'ப்யாசி', அதாவது தாகம் கொண்டவள். தலைப்பே இந்தியில். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது; அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. காவிரியைப் பற்றித் தமிழிலோ கன்னடத்திலோ பாடினால் அது வழக்கு மனுவாகிவிடும், மூன்றாவது மொழியில் பாடினால்தான் அது ஆற்றின் பாட்டாகக் காதில் விழும் என்ற நிலைக்கு நாம் இரு தரப்பும் வந்துவிட்டோமே! இந்தப் பாட்டை எந்தப் படத்திலும் வைத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். வைத்தால் படம் இரண்டு ஊரிலும் நின்றிருக்கும்.

'அகம்' குழுவை நம்மவர்கள் அறிவார்கள். 2003 இல் பெங்களூரில் தொடங்கியது. பெரும்பாலோர் கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். ஏ.ஆர். ரகுமான் நடுவராக இருந்த சன் டிவி போட்டியில் வென்று வெளியே தெரிந்தார்கள். 2012 இல் முதல் ஆல்பம். கர்நாடகக் கீர்த்தனையை ராக் கிதாரோடு சேர்ப்பது எனக்கு எல்லா இடத்திலும் ஒப்புதல் இல்லை. சில இடங்களில் ராகம் டிரம்ஸுக்குள் மூச்சுத் திணறுகிறது. ஆனால் சபா வாசலை மிதிக்காத பையன்கள் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டே கீர்த்தனை கேட்பதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சென்னையில் 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றினார்கள். கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக. அதே ரஞ்சித் இயக்கிய 'காலா'வுக்குத்தான் அந்த ஜூனில் இங்கே தடங்கல். அதே வாரம் அவர் சேர்த்த பையன்களின் பாட்டு சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கைப்பேசியில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க அங்கே தியேட்டர் இல்லையே!

இதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: பாட்டு யாருக்குச் சொந்தம்? 1977 இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பணம் கொடுத்துப் பாட்டு வாங்கும் தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அதன் முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். கவிஞரும் இசையமைப்பாளரும் கூலி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 35 ஆண்டு கழித்து, 2012 இல், பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும் கவிஞர், இசையமைப்பாளர் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றானது. அப்படியானால் சினிமாவுக்கு வெளியே வந்துவிட்டால் விடுதலையா? 2021 இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் போனது. அதிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று 2024 இல் சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். படம் இல்லை என்பதால் மட்டும் பாட்டு பாடினவன் கைக்கு வந்துவிடாது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நம் பையன்கள் யாரும் படிப்பதில்லை.

என் அக்காள் மகனும் படிக்காதவன்தான், ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். கணினி வேலை, ராத்திரியில் நாலு நண்பர்களோடு தமிழில் பாட்டுக் கட்டுகிறான். போன வருஷம் அல்சூரில் ஒரு தெருவிழாவில் அவர்களுக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி கேட்டாள்: "எந்தப் படத்துப் பாட்டுப்பா இது?"

"படம் இல்ல ஆயா, நாங்களே கட்டினது."

"ஓ… நீங்களேவா?" என்று கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். "சரி, இன்னொரு தபா பாடு."