ஊசி ஈயைப் படத்தில் அறிதல்



பெரிய காஞ்சிபுரத்துத் தறிகளில் சேலையாக உருப்பெறும் பட்டு, எங்கோ ஒரு சிற்றூரில் மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு நூற்றதாகும். நல்ல கூடு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள ஒரே இழையை எடுக்கலாம். அவ்விழையை அறுக்கும் பகைவன் ஒன்று உண்டு. அதுதான் ஊசி ஈ. அறிவியலார் இதனை எக்சோரிஸ்டா பாம்பிசிஸ் என்பர். வங்காளத்தில் நெடுநாளாக அறியப்பட்டிருந்த இந்த ஈ, 1980-இல் கர்நாடகத்தை எட்டி, பின்னர்த் தமிழ்நாட்டிலும் பரவியது.

தாய் ஈ, பட்டுப்புழுவின் தோல்மீது வெண்ணிற முட்டையை ஒட்டிவைத்துச் செல்லும். இரண்டு மூன்று நாளில் முட்டையிலிருந்து வெளிவரும் ஈயின் புழு, தோலைத் துளைத்து உட்புகும். துளைத்த இடத்தில் கறுத்த வடு தோன்றும். முன்னதாகவே தாக்குண்ட பட்டுப்புழு கூடு கட்டாமல் மடிந்துவிடும். பிந்தித் தாக்குண்டது கூடு கட்டினாலும், உள்ளிருக்கும் பகைவன் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவதால் இழை அறுந்துபோகிறது.

இக்காலத்தில் கைப்பேசியால் ஓர் ஈயைப் படம் பிடிப்பது எளிது. ஆனால் அதன் பெயரைச் சொல்வது அத்துணை எளிதன்று. ஊசி ஈயின் மார்பில் நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடுகள் உண்டு. வீட்டு ஈக்கும் நான்கு கோடுகள் உண்டு அன்றோ? இறைச்சி ஈக்கு மூன்று கோடுகள். ஆகவே கோடுகளை மட்டும் எண்ணி முடிவு செய்தல் கூடாது. வீட்டு ஈயைவிட ஊசி ஈ பெரியது. அதன் வயிற்றில் தடித்த முட்கள் போன்ற மயிர்கள் நிற்கும். வீட்டு ஈயின் உணர்கொம்பிலுள்ள ஒற்றை மயிர் இறகுபோல் கிளைத்திருக்கும். ஊசி ஈக்கு அது வெறுமையாக இருக்கும். முதுகின் கடைசித் தட்டுக்குக் கீழே ஊசி ஈக்கு ஒரு புடைப்பும் உண்டு. அது பக்கவாட்டில் நோக்கினால்தான் புலப்படும். எனவே மேலிருந்தும், பக்கத்திலிருந்தும், முகத்துக்கு நேராகவும் படங்கள் எடுத்தல் வேண்டும்.

இவை யாவும் பொருந்தினும், ஈயின் குடும்பமே தெளிவாகும். அக்குடும்பத்தில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆதலின், ஒரு படத்தை என்னிடம் காட்டினால், "இது எங்கே, எப்போது, எதிலிருந்து வெளிவந்தது?" என்றே நான் முதலில் கேட்பேன். பட்டுப்புழுவின் வடு, பல வேளைகளில் ஈயின் படத்தைவிட உறுதியான சான்றாகும்.

இத்தனை கவனம் எதற்கு என்பீர்கள். இதே குடும்பத்து ஈக்கள் பல, பயிரை அழிக்கும் புழுக்களைக் கொன்று உழவருக்கு உதவுகின்றன. நண்பனைப் பகைவனென்று கொல்லலாகாது. பகைவனே ஆயினும், புழு வளர்ப்பு மனையில் நஞ்சு தெளித்தால் பட்டுப்புழுவும் மடியும். அதனால்தான் சன்னல்களுக்கு வலை கட்டுகின்றனர். நெசோலின்க்ஸ் தைமஸ் என்னும் நுண்குளவியையும் விடுகின்றனர். அது ஊசி ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிட்டு அதனை அழிக்கிறது. ஒட்டுண்ணிக்கும் ஓர் ஒட்டுண்ணி!

ஆகவே, படம் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவே சொல்லப் பழகுங்கள். எஞ்சியதை நுண்ணோக்கியும் வல்லுநரும் சொல்லட்டும்.